பூட்டை உடைத்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர் மக்களுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து கைகொடுத்த எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் வணக்கம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு வந்த கடைசி போன், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடமிருந்து. "டீச்சர், ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு. மாடி உள்ள இடம் பள்ளிக்கூடம் ஒண்ணுதான். பூட்ட உடைக்கப் போறோம்." உடைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. "உடைங்கம்மா" என்று நான் சொல்லும்போதே லைன் போய்விட்டது. அது அவர் காதில் விழவே இல்லை என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அனுமதிக்குக் காத்திருக்காமல் பூட்டை உடைத்தாரே, அவருக்கும் கூட நின்ற இளைஞர்களுக்கும்தான் முதல் நன்றி.

அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்களுக்கு மழையோடு ஆறும் வந்தது, உடைந்த குளங்களும் சேர்ந்து வந்தன. கீழ்த்தளம் மூழ்கியது. மாடியில் இருந்த மூன்றே வகுப்பறைகளில் 140 பேருக்கு மேல் ஐந்து நாள் இருந்தார்கள்.

அவர்கள் பசியாறியது எப்படி என்பதை ஊருக்கே சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஆகஸ்டு 25 முதல் தமிழகம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு போடுகிறார்கள் அல்லவா, எங்கள் பள்ளியில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள் இருவர். மறுநாள் திங்கட்கிழமை, உப்புமா நாள். அதற்கு வைத்திருந்த ரவையையும் பருப்பையும் அடுப்பையும் சிலிண்டரையும் இருட்டில் தலைச்சுமையாக மாடிக்கு ஏற்றிவிட்டுத்தான் இருவரும் தங்கள் வீட்டுச் சாமானைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அதற்குள் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். ஒருவருக்கு மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த புடவைகள்கூட மிஞ்சவில்லை. திங்கள் காலை மொட்டைமாடி மழைத்தண்ணீரைப் பிடித்து, கொதிக்க வைத்து, முதல் தட்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அம்மா, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வோம்?

செவ்வாய்க்கிழமை கடற்கரையிலிருந்து லாரியில் படகு ஏற்றிக்கொண்டு வந்த மீனவச் சகோதரர்களே, நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரையும் நடக்க முடியாத முதியவர் இருவரையும் நீங்கள் கரை சேர்த்தீர்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டீர்கள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம்.

பாளையங்கோட்டையிலிருந்து நான் வந்து சேர்ந்தது புதன்கிழமை. சாலை அறுந்து கிடந்ததால் கடைசி நான்கு கிலோமீட்டர் சேற்றில் நடைதான். எட்டாம் வகுப்பு அறையின் கரும்பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். யாருக்குச் சர்க்கரை மாத்திரை, யாருக்குப் பிரஷர் மாத்திரை, யாரிடம் எத்தனை மிச்சம் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. எழுதியவன் எங்கள் மாணவன். "கவனம் போதாது" என்று அவனுடைய மதிப்பெண் அட்டையில் எழுதியவள் நான். இனி எந்தப் பிள்ளைக்கும் அந்த வரியை எழுதமாட்டேன். தம்பி, உனக்கும் நன்றி.

அலுவலக பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த சேர்க்கைப் பதிவேடுகள் ஊறிப் பொதபொதவென்று ஆகியிருந்தன. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து, ஒட்டிய இடங்களை ஈர்க்குச்சியால் மெல்லப் பிரித்து, கரும்பலகைச் சட்டத்தின்மேல் காயப் போட்டார்கள். ஜெல் பேனாவால் எழுதிய புதுப் பக்கங்கள் நீலமாகக் கரைந்துவிட்டன. அந்தக் காலத்து மசியில் எழுதியவை அழியவில்லை. மாடியில் தங்கியிருந்த ஆச்சி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எம் பேரு இருக்கா பாரு தாயி" என்றார். இருந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, நான்காம் வகுப்போடு நின்ற தேதி எல்லாம் இருந்தது. தனக்கு எத்தனை வயது என்று அன்றைக்குத்தான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து தேட ஆரம்பித்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர்கள், அந்தப் பதிவேட்டைச் சுற்றி ராத்திரி வரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தார்கள். ஜனவரி முதல் கூட்டத்துக்கு உட்கார இடம் போதவில்லை.

வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கம்பம் நட்டு மின்சாரம் கொடுத்த வாரிய ஊழியர்களுக்கும், எங்கள் வகுப்பறைச் சேற்றை வாளி வாளியாக அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், நோட்டும் பையும் அனுப்பியவர்களுக்கும் நன்றி. அரையாண்டுத் தேர்வு நின்றுபோன கவலையில் இருந்த பெற்றோர்களே, பள்ளி திறந்த முதல் வாரம் பாடமே எடுக்காமல் பிள்ளைகளைப் பேசவிட்டோம். எந்தக் குளம் எங்கே உடைந்தது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அவர்களே தரையில் சாக்பீஸால் வரைந்தார்கள். அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வெள்ளையடிக்க வந்த அண்ணாச்சியும் தண்ணீர் நின்ற தடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்துக் கொடுத்தார். அதன்மேல் பிள்ளைகள் தேதி எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். முகாம் முடிந்த பிறகு இரண்டு பெரிய அண்டா, ஒரு சல்லிக்கரண்டி, பச்சைக் கரை போட்ட ஜமுக்காளம் ஒன்று பள்ளியிலேயே தங்கிவிட்டன. யாருடையது என்று தெரியவில்லை. துலக்கி, துவைத்து, மாடி அறையில் வைத்திருக்கிறோம். உரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். புதுப் பூட்டின் மறுசாவி இப்போது மேலாண்மைக் குழுத் தலைவி வீட்டில் இருக்கிறது.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை, ஆசிரியர்கள், மாணவ மாணவியர்