லோட்ஸ் நகரத்து யூதர்கள்: ஆலை அதிபருக்கும் கெட்டோவுக்கும் இடையே விடுபட்டவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியத் தொழில் நகரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரில், போலந்தின் லோட்ஸ் நகரத்து யூதர்களைப் பற்றிய கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். பஞ்சாலை அதிபர் இஸ்ரேல் போஸ்னான்ஸ்கியின் மாளிகையில் தொடங்கும் அக்கட்டுரை, இரண்டு பத்திகளைக் கடந்ததும் 1940ஆம் ஆண்டில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவுக்குள் நுழைந்து, அங்கேயே முடிந்துவிடுகிறது. சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை சரியானவையே. ஆனால், ஆலைகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் அச்சமூகத்தில் மிகச் சிலர். கெட்டோவில் அடைக்கப்பட்டவர்களோ, அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அந்நகரத்தில் நெய்தும் விற்றும் கற்பித்தும் போராடியும் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உழைப்பையும் வாழ்க்கையையும் விட்டுவிட்டு அவர்களுடைய சாவை மட்டும் எழுதுவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1820இல், ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட போலந்து அரசாங்கம் லோட்ஸைத் துணித் தொழிலுக்கான ஊராக அறிவித்தபோது, அங்கே எண்ணூறு பேர்கூட வசிக்கவில்லை. சாக்சனி, சைலீசியா, பொஹீமியா முதலிய பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட ஜெர்மானிய நெசவாளர்களுக்கு நிலமும் வரிச் சலுகையும் கிடைத்தன. யூதர்களுக்கு இத்தகைய அழைப்பு ஏதும் இல்லை. நெசவாளர்களுக்காக அமைக்கப்பட்ட புதுநகரில் அவர்கள் குடியேறக்கூடாது என்று தடுக்கப்பட்டதோடு, 1820களில் பிறந்த ஆணையொன்றின்படி பழைய சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய சில தெருக்களுக்குள்ளேயே அவர்கள் வசிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. போதிய சொத்து வைத்திருந்து, மரபான உடையைக் கைவிட்டு, பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்ப இசைந்த சிலருக்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. இக்கட்டுப்பாடு 1862 வரை நீடித்தது. ஆகவே, கட்டுரை சொல்வதுபோல, தொழில் வளர்ச்சி கண்டு வந்து எளிதாகச் செல்வம் சேர்த்த சமூகமாக அதைக் காண்பது பொருந்தாது.

தடைகளுக்கு நடுவிலும் தொழிலின் ஓர் அங்கம் தொடக்கம் முதலே அவர்கள் கையில் இருந்தது. பஞ்சும் நூலும் வாங்கிவந்து, கையில் பணமில்லாத நெசவாளருக்குக் கடனாகக் கொடுத்து, நெய்த துணியைத் திரும்பப் பெற்றுச் சந்தைகளில் விற்றவர்களில் பெரும்பகுதியினர் யூத வியாபாரிகளே. 1851இல் போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான சுங்க எல்லை நீக்கப்பட்டதும், 1865இல் ரயில் பாதை வந்ததும், பரந்த ரஷ்யச் சந்தை லோட்ஸுக்குத் திறந்தது. 1880களிலும் 1891இல் மாஸ்கோவிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்ட பிறகும், ரஷ்யப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்த யூதர்கள், அங்கே தாங்கள் விட்டுவந்த வணிகத் தொடர்புகளை இந்நகரத்துத் துணிக்குப் பயன்படுத்தினார்கள். 1897ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தின் மூன்று லட்சத்துக்கும் சற்று மிகுந்த மக்களில் ஏறத்தாழ 99,000 பேர் யூதர்கள்.

இந்த 99,000 பேரில் போஸ்னான்ஸ்கிகள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பெரும்பாலானோர் சிறு கடைக்காரர்கள், தையற்காரர்கள், கூலிக்கு நெய்தவர்கள். நெய்தவர்களில் பலர் பாவூட்டி என்ற பகுதியில் வாழ்ந்தனர். நகரை ஒட்டியே இருந்தும் 1915 வரை நிர்வாகக் கணக்கில் அது கிராமமாகவே வைக்கப்பட்டிருந்ததால், கழிவுநீர் வசதியோ முறையான தெருக்களோ இன்றி மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் அது. ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் இருந்தன. இடைத்தரகர் கொடுத்த நூலை நெய்து, துணியைத் திருப்பிக் கொடுத்தால் கூலி கிடைக்கும். சந்தை மந்தமானால் முதலில் நிற்பது இவர்களுடைய தறிதான்.

கட்டுரை தொடாத, ஆனால் இந்நகரத்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் செய்தி இதுவே: நகரமெங்கும் நீராவியால் இயங்கும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, யூத நெசவாளர்கள் கைத்தறியிலேயே தேங்கி நின்றார்கள். பெரிய ஆலைகளின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. யூதருக்குச் சொந்தமான ஆலைகளிலும் இதே நிலைதான். நீராவி எந்திரம் ஓடினால் ஆலை முழுவதும் ஓட வேண்டும், நின்றால் முழுவதும் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடும் ஆலை, சனிக்கிழமை ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் தொழிலாளிக்காக இன்னொரு நாளும் நிற்பதை எந்த முதலாளியும் ஏற்கவில்லை. இது ஒரு காரணம். யூதர்களைச் சேர்த்துக்கொள்வதற்கு ஆலைகளின் மேற்பார்வையாளர்களும் ஏனைய தொழிலாளரும் காட்டிய எதிர்ப்பு மற்றொன்று. யூதத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ப்பதிலும் வேலைநிறுத்தம் செய்வதிலும் முனைப்பானவர்கள் என்று முதலாளிகள் அஞ்சியதும் சேர்ந்துகொண்டது. ஆக, போஸ்னான்ஸ்கியின் ஆலையில் வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதரல்லாதவர்கள். அந்த ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே அதன் சுவருக்கு வெளியே கைத்தறியில் நெய்தவர் யூதர். செல்வந்தர் ஒருவரின் மாளிகையைக் காட்டி ஒரு சமூகத்தை விளக்குவது எவ்வளவு தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெறுப்பை எதிர்கொள்ள வேண்டியிருந்தபோதும் இவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. 1892 மே மாதத்தில் நடந்த பெரும் வேலைநிறுத்தம் ஒரு கட்டத்தில் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கும் கலவரமாகத் திசைமாறியது. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 ஜூனில், ஜார் ஆட்சிக்கு எதிராக லோட்ஸின் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தபோது, யூதத் தொழிலாளர்களின் சோசலிசக் கட்சியான பூந்து, போலந்துச் சோசலிசக் கட்சிகளோடு ஒன்றாக நின்றது. அந்தச் சில நாள்களில் கொல்லப்பட்டவர்களாக அதிகாரிகள் கணக்குக் காட்டிய 151 பேரில் 79 பேர் யூதர்கள், 55 பேர் போலந்துக்காரர்கள், 17 பேர் ஜெர்மானியர்கள். ஒரு தொழில் நகரத்தின் யூதர்களைப் பற்றிய கட்டுரையில் இந்த 79 பேருக்கு ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

போஸ்னான்ஸ்கியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1890இல் திறக்கப்பட்ட யூத மருத்துவமனை அவருடைய குடும்பத்தின் கொடையால் எழுந்தது. பஞ்சுத் தூசியிலும் நெருக்கடியான குடியிருப்பிலும் காசநோய் பரவிய அந்நகரத்தில், செவெரின் ஸ்டெர்லிங் என்ற மருத்துவர் அம்மருத்துவமனையில் பணியாற்றியபடியே அந்நோய்க்கு எதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். மருத்துவமனை நின்ற தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1892இல் திறக்கப்பட்ட புதிய கல்லறைத் தோட்டம் ஐரோப்பாவின் மிகப் பெரிய யூதக் கல்லறைகளில் ஒன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் நாளிதழ்கள், பள்ளிகள், விளையாட்டுக் கழகங்கள், நாடகக் குழுக்கள் எல்லாம் இருந்தன. பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1887இலும் கவிஞர் யூலியன் துவிம் 1894இலும் இங்கே பிறந்தார்கள். 1919இல் மோய்ஷே புரோடர்சன் முதலிய கவிஞர்களும் ஓவியர்களும் சேர்ந்து 'யுங் யிட்டிஷ்' என்ற குழுவை இங்கேதான் தொடங்கினார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை ஆலைகளின் எந்திரப் பாகங்களையும் மூலப்பொருள்களையும் அள்ளிச் சென்றதாலும், போருக்குப் பின் ரஷ்யச் சந்தை மூடிக்கொண்டதாலும் நகரம் தளர்ந்தது. 1919இல் ஞாயிறு ஓய்வு கட்டாயமாக்கப்பட்டபோது, சனிக்கிழமையும் கடை திறக்காத யூதச் சிறுவியாபாரி வாரத்தில் இரண்டு நாள் வருமானத்தை இழந்தார். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6,04,629 பேரில் 2,02,497 பேர் யூதர்கள். அதாவது மூவரில் ஒருவர். 1938 டிசம்பரில் நடந்த நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகள் வென்ற 17 இடங்களில் 11 பூந்துக்குக் கிடைத்தன. அழிவுக்கு ஓராண்டுக்கு முன்னும் அவர்கள் வாக்குச்சீட்டில் நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கெட்டோவைப் பற்றிய பகுதியிலும் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டிருக்கிறது. 1939 செப்டம்பர் 8ஆம் தேதி நாஜிப் படை நகருக்குள் நுழைந்தது. நவம்பரில் யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. 1940 ஏப்ரல் இறுதியில், ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் 1,60,000க்கும் மேற்பட்டோர் அடைத்துப் பூட்டப்பட்டனர். அடைப்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பாவூட்டியும் பழைய நகரமும்தான். நெசவாளர்களின் அதே வறிய தெருக்கள் சிறையாயின. இந்த கெட்டோ 1944 ஆகஸ்ட் வரை, போலந்தின் மற்ற பெரிய கெட்டோக்களைவிட நெடுநாள் நீடித்ததற்குக் காரணம், அதன் ஏறத்தாழ நூறு பட்டறைகளில் ஜெர்மானியப் படைக்குச் சீருடையும் காலணியும் பிறவும் செய்யப்பட்டதே. உழைத்தால் உயிர் பிழைக்கலாம் என்பது கெட்டோவின் யூத நிர்வாகத் தலைவர் ரும்கோவ்ஸ்கியின் கொள்கை. அந்த உழைப்பின் பலனை, ஹான்ஸ் பீபோவ் தலைமையிலான ஜெர்மானிய நிர்வாகம் கறந்துகொண்டு, உழைத்தவர்களுக்குப் பட்டினி போட்டது. பசியாலும் நோயாலும் கெட்டோவுக்குள்ளேயே 43,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1942இல் 70,000க்கும் மேற்பட்டோர் ஹெல்ம்னோ கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், வேலைக்கு உதவாதவர்கள் என்று குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளுமாக 15,000க்கும் மேற்பட்டோர் ஒரே வாரத்தில் பிடித்துச் செல்லப்பட்டனர். ஒரு காலத்தில் யூத நெசவாளருக்கு ஆலையில் வேலை மறுக்கப்பட்டது. இப்போது அவருடைய கைத்திறனை உறிஞ்சும் வரை மட்டும் அவரை உயிரோடு வைத்திருந்தார்கள். 1944 ஆகஸ்டில் எஞ்சியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர், 65,000க்கும் மேற்பட்டோர், ரெடெகாஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றப்பட்டனர். 1945 ஜனவரி 19ஆம் தேதி சோவியத் செம்படை வந்தபோது கெட்டோவில் உயிரோடு இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

இவற்றை நாம் இவ்வளவு உறுதியாக அறிவதற்கும் அம்மக்களே காரணம். கெட்டோ நிர்வாகத்தின் ஆவணப் பிரிவில் இருந்தவர்கள் அன்றாட நிகழ்வுகளைக் குறித்து வைத்தார்கள். நிர்வாகத்துக்காக அடையாள அட்டைப் படங்கள் எடுக்க அமர்த்தப்பட்ட ஹென்ரிக் ரோஸ், மெண்டல் கிராஸ்மன் ஆகிய இருவரும், தடையை மீறிப் பசியையும் நாடுகடத்தலையும் படமெடுத்தார்கள். ரோஸ் தம் படச்சுருள்களை மண்ணில் புதைத்து வைத்து, போர் முடிந்ததும் தோண்டி எடுத்தார். தாங்கள் கட்டுரையோடு வெளியிட்டிருந்த கெட்டோ படங்களின் கீழ் படமெடுத்தவர் பெயர் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்பட்டவை இப்படங்கள். எடுத்தவர் பெயரை ஆராய்ந்து வெளியிடுவது நம் கடமை.

இறுதியாக, ஒரு திருத்தம். லோட்ஸ் நகரத்து யூதச் சமூகம் 1944இல் முடிந்துவிட்டதாகக் கட்டுரையில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் போருக்குப் பின், தலைநகர் வார்சா இடிந்து கிடந்த அந்நாளில், சோவியத் ஒன்றியத்திலிருந்து திரும்பியவர்களும் முகாம்களிலிருந்து மீண்டவர்களுமாகப் பல்லாயிரம் யூதர்கள் ஒப்பீட்டளவில் சேதமடையாத லோட்ஸில்தான் கூடினர். படுகொலைச் சான்றுகளைத் திரட்டிய யூத வரலாற்று ஆணையம் 1945இல் இங்கே இடம் மாறி வந்தது. யிட்டிஷ் செய்தித்தாளும் அதே ஆண்டில் இங்கே தொடங்கியது. 1946 ஜூலையில் கியெல்ட்சே நகரில் நடந்த படுகொலைக்குப் பின் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1968இல் ஆட்சியே நடத்திய யூத எதிர்ப்பு இயக்கம், எஞ்சியவர்களில் பெரும்பாலோரை வெளியேறச் செய்தது. வார்சா கெட்டோவில் நாஜிகளுக்கு எதிராக நடந்த எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான மாரெக் எடெல்மன் போருக்குப் பின் இந்நகரத்தில்தான் இதய மருத்துவராகப் பணியாற்றினார். போகாமல் தங்கிய சிலரில் அவரும் ஒருவர். சிறியதொரு யூதச் சமய அமைப்பு இன்றும் அங்கே இயங்கிவருகிறது. எனவே, இத்தொடர் நூலாக வெளிவருமானால், அந்த 1944 என்னும் ஆண்டைத் திருத்துவதோடு, பாவூட்டியின் கைத்தறி நெசவாளர்களைப் பற்றி ஓர் அத்தியாயத்தையும் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்