வள்ளுவர் சிலையின் சிற்றுருவங்களில் பீடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக் கடலின் நடுவே நிற்கும் ஐயன் திருவள்ளுவர் சிலையை 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தபோது, கரையில் திரண்டிருந்த மக்களோடு என் தந்தையாரும் நின்றிருந்தார். அன்று அவர் வாங்கி வந்த சாண் உயர பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை, வண்ணம் உதிர்ந்த நிலையிலும், எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைச் செய்தவர் யாரென்று தெரியாது. ஆயினும் வள்ளுவரின் காலடியில் உயரமான பீடத்தை அவர் மறவாமல் அமைத்திருக்கிறார்.

வெள்ளி விழாவுக்குப் பின் குமரிக்குச் சென்றிருந்தபோது, பேத்திக்காக அத்தகைய சிலை ஒன்றைத் தேடினேன். சாவிக்கொத்து, காந்த வில்லை, கண்ணாடிப் பேழைக்குள் சிற்றுருவம் எனப் பலவற்றைப் பார்த்தேன். நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றில் பீடமே இல்லை, அல்லது தட்டையான ஒரு பலகை மட்டுமே இருந்தது. இதைச் சிறு குறை என்று விட்டுவிட முடியவில்லை. சிலையின் மொத்த உயரமான 133 அடி குறளின் 133 அதிகாரங்களையும், பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் உருவத்தின் 95 அடி பொருட்பாலின் 70, காமத்துப்பாலின் 25 ஆகிய அதிகாரங்களையும் குறிக்கின்றன. பொருளும் இன்பமும் அறத்தின்மேல் நிற்க வேண்டும் என்பதைக் கல்லிலேயே சொல்லிவிட்ட சிற்பி வை. கணபதி ஸ்தபதியின் கருத்து, பீடத்தை நீக்கிய உடனே அழிந்துவிடுகிறது. முப்பாலைச் சுட்டும் வலக்கையின் மூன்று விரல்களும், அத்தனை பெரிய கல்லுருவத்துக்கு உயிரோட்டம் தரும் இடையின் மெல்லிய வளைவும்கூடப் பல சிற்றுருவங்களில் காணப்படவில்லை. (வளைவைச் சிறிய அளவில் கொண்டுவருவது கடினம் என்பதை நான் அறிவேன், பீடத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.)

பிழைப்புக்காக விற்கும் கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குச் சரியான அச்சு கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் பீடம் 38 மில்லிமீட்டர், உருவம் 95 மில்லிமீட்டர், மொத்தம் 133 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தேகால் அங்குலம்; குழந்தையின் கைக்கும் அடங்கும். தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார், அருகிலேயே உள்ள மயிலாடிக் கற்சிற்பிகளைக் கொண்டு இந்த அளவில் ஒரு மூல உருவத்தைச் செய்து, அதன் அச்சுகளைச் சிறு உற்பத்தியாளர்களுக்குக் குறைந்த விலையில் வழங்கலாம். அளவின் பொருளை விளக்கும் துண்டுச் சீட்டு ஒன்றையும் ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கலாம். 2000ஆம் ஆண்டுத் திறப்பு விழாவின் அழைப்பிதழ்களும் அன்று விற்ற சிலைகளும் இன்னும் பலர் வீடுகளில் இருக்கக்கூடும். அவற்றைக் கேட்டுப் பெற்றுப் படகுத்துறையருகே காட்சிக்கு வைத்தால், என் தந்தையாரின் சிலையை முதலாவதாகக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
நாகர்கோவில்.