சோலைக்குள் தொலையும் ஓடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கைக்கோள் உயரத் தரவு இருந்தால் மலை ஓடைகளைக் கணினியே வரைந்துவிடும், காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நீலகிரியின் அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்தி வட்டாரத்தில் அது சரிப்படாது.

பலரும் எடுத்தாளும் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்தது; கட்டம் ஒன்றுக்கு 30 மீட்டர். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரை வரை இறங்காது, மரத்தலையோடு திரும்பிவிடும். நீலகிரியிலோ மேடெல்லாம் புல்வெளி, பள்ளத்தில்தான் சோலை எனப்படும் அடர்ந்த காடு. ஆகவே ஓடை ஓடும் மடிப்பு தூர்ந்துபோனது போலத் தரவில் தெரியும். கணினி ஓடையைச் சோலையோரப் புல்லுக்குத் தள்ளும். இல்லையென்றால் நடுவில் தடுப்பு இருப்பதாகக் கொண்டு, இல்லாத குட்டையை உண்டாக்கும். பள்ளம் நிரப்பும் கட்டளையைக் கொடுத்தால் குட்டை மறையும், தவறு அப்படியே இருக்கும்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத் தாளை இதைவிட நம்பலாம். நீலக்கோடு நீருள்ள ஓடை, கறுப்புக்கோடு வறண்டது. ஆனால் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய நில அளவை அடிப்படையில் ஆனவை; ஜிபிஎஸ்ஸின் அடிப்படை வேறு. அந்த அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றாமல் ஜிபிஎஸ்ஸில் இட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். இந்த மலையில் அது பக்கத்துப் பள்ளமாகவே இருக்கலாம். உயரத்திலும் ஒரு கண் வேண்டும். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரமாகத் திருத்தாத கைபேசிச் செயலி இங்கே சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டும்.

ஏரி போலத் தெரியும் பெரிய நீர்ப்பரப்புகள் மின்வாரிய அணைகள். கோடையில் கரை வெகுவாக இறங்கிவிடும், எனவே தேதி இல்லாத கரைக்கோட்டால் பயனில்லை.

ஓடை நெடுகிலும் நடக்கத் தேவையில்லை. சோலைக்குள் நடந்து பதிவு செய்த கோடு கோழி கிளறியது போலத்தான் வரும். ஓடை சோலையை விட்டு வெளிவரும் இடம், இரண்டு ஓடைகள் கூடும் இடம் ஆகியவற்றில் மட்டும் ஜிபிஎஸ்ஸை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி எடுத்தால் போதும். மார்ச்சில் நீர் ஓடுகிறதா என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இந்தப் பள்ளங்களில் ரோந்து போகிறவர்கள். வனத்துறை இந்தப் பணியை அவர்களிடமே, கூடுதல் படியோடு, ஒப்படைக்கலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டி மண் சரிந்த இடங்களிலிருந்து தொடங்கட்டும்.

வாசகர், மஞ்சூர், நீலகிரி