முகாம் நோட்டீஸில் இவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்க, கோயில் நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களைக் குறை சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் என்று நம் பெரியவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் அந்த வரிசைகளில் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அப்படிப்பட்டவர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

“பிறவியிலேயே அப்படி, டாக்டர் என்ன செய்வார்” என்கிற நினைப்புதான் காரணம். குறைபாட்டை மருந்தால் மாற்ற முடியாது, சரி. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நோய்களுக்கு மருந்து உண்டே! அறிவுசார் குறைபாடு தரும் பிறவி நிலைகளில் ஒன்றான டவுன் சின்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கிறது. தைராய்டு குறைவது, காது மந்தமாவது, தூக்கத்தில் மூச்சு அடைப்பது எல்லாம் அவர்களிடம் அதிகம். அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. நாம் சிரித்துவிட்டுப் போகிற மலச்சிக்கல்கூட, வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்குக் குடலடைப்பில் போய் முடியலாம்.

என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. நாலு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டான். ஒரு சமயம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தான், தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான், ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தான். கொண்டுபோன கிளினிக்கில் “இவங்க இப்படித்தான்” என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒருவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. ரொட்டியை இடது பக்கமாகவே ஒதுக்கி மெல்லுகிறான் என்று கவனித்தது அம்மாதான். வலது கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. பிடுங்கிய வாரமே அறைவது நின்றுவிட்டது. பைத்தியம் முற்றிவிட்டது என்று சொன்ன சொந்தக்காரர்கள் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இவர்களுடைய நடத்தை திடீரென மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்: பல், காது, வயிறு, சிறுநீர், அப்புறம் சாப்பிடுகிற மருந்துகளின் பக்கவிளைவு. பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படாது. பொறுமையும் வீட்டாரிடம் கேட்கிற பழக்கமும் இருந்தால் போதும்.

கவனிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் தென்னாப்பிரிக்கா முழுவதும் பார்த்தது. கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி என்ற தனியார் பராமரிப்பு இல்லங்களிலிருந்து மனநோயாளிகளும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2016 வாக்கில் அவசர அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். பசி, தாகம், குளிர், அலட்சியம். 144 பேர் இறந்தார்கள். அரசாங்கத்தின் பாவம் என்று அதை ஒதுக்கிவிடலாம். நம் தெருவில் இருப்பவர்களை நாம்தானே பார்க்க வேண்டும்?

இன்னொன்று கொஞ்சம் கசக்கும். காவடி விரதத்தின்போது வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முருகன் பார்த்துக்கொள்வானாம். பார்த்துக்கொள்ளட்டும், மாத்திரையும் தொடரட்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம், உயிரே போகலாம். இதைக் கொடியேற்றத்தன்று பூசாரி ஐயாவே மைக்கில் சொன்னால், நான் பத்து மடல் எழுதுவதைவிட எடுபடும்.

நான் கேட்பது இதுதான். முகாமில் ஒரு காலைப்பொழுதை இவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அன்றைக்கு ஒலிபெருக்கி வேண்டாம், சத்தத்தில் பலர் மிரண்டுபோவார்கள். ஆளுக்கு அரைமணி நேரமாவது கொடுங்கள். பல் டாக்டரும் காது பார்ப்பவரும் கட்டாயம் இருக்கட்டும், தைராய்டுக்கு ரத்தமும் எடுக்கட்டும். ஊசியைக் கண்டு கத்துகிறவரைப் பிடித்து அமுக்காமல் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். யார் கூட்டிவருகிறார்களோ அவர்களைப் பக்கத்திலேயே உட்காரவிடுங்கள், பாதி விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த முகாம் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் இதையும் சேர்த்துவிடுங்கள்: “அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குத் தனி நேரம், காலை எட்டு மணி முதல். சாப்பிடும் மாத்திரைகளை மறக்காமல் கொண்டுவரவும்.”

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா