அம்மாவுக்கு எந்தக் குளிசை?

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பேராதனையிலிருந்து லீவுக்கு வந்து நிற்கிறாள். எனக்கு அதே காலி வீதிப் பாமசிதான். அம்மா படும் பாட்டை வாசித்ததும் மனம் கேட்கவில்லை, உடனே எழுதுகிறேன்.

முதுகு வலிக்குக் கோடீன் கலந்த குளிசை தொடங்கிய பிறகுதான் மலச்சிக்கல் என்றால், காரணம் பெரும்பாலும் அதுதான். கோடீன் குடல் சுவரிலுள்ள நரம்புகளை மந்தமாக்கும். தள்ளும் அசைவு குறையும்; மலம் கிடக்கக் கிடக்க நீர் உறிஞ்சப்பட்டு இறுகும். இசப்கோல் நார்த்தூள் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். அது மலத்தைப் பருமனாக்கும். தள்ளுவதற்குப் பலமில்லாத குடலில் அது அடைத்துக்கொள்ளக்கூடும்.

பெருங்குடல் பெரும்பாலான நேரம் உள்ளே இருப்பதை முன்னும் பின்னுமாகப் பிசைந்தபடிதான் இருக்கும். நாளுக்குச் சில தடவை மட்டும், அதுவும் காலையில் எழும்பியதும் சாப்பாட்டுக்குப் பிறகும், பலமான அலை ஒன்று எழுந்து நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு போகும். அம்மா இரவில் போடும் பிசகோடில் என்ற மலமிளக்கிக் குளிசை எழுப்புவது அந்த அலையைத்தான். வயிறு முறுக்குகிறது என்று அவா சொல்வதும் அதனால்தான். 6 முதல் 12 மணித்தியாலத்தில் வேலை செய்யும். பாலோடு மட்டும் கொடுக்காதே. மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து எரிவு வரும். நிலாவரை (சென்னா) மருந்தும் இதே வகை. பெருங்குடல் பாக்டீரியா உடைத்த பிறகுதான் அது பலன் தரும்.

லக்டுலோஸ் பாணி வேறு மாதிரி. சிறுகுடலில் செரிக்காத சீனி அது. பெருங்குடலுக்குள் நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். உள்ளே நிறைய நிறையச் சுவரும் அசையும். 2 நாளாவது பொறுக்க வேண்டும், கொஞ்சம் வாயுவும் சேரும்.

கோடீனை நிறுத்த முடியாதென்றால் டொக்டர்மார் இந்த இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. குடல் பழகிவிடும் என்று அம்மா பயப்படுகிறா, பாவம். சரியான அளவில் எடுத்தால் குடல் நரம்பு கெடும் என்பதற்குத் திடமான சான்று இல்லை என்று சொல்லு. ஆமணக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், மச்சான். சிறுகுடலையும் சேர்த்து உலுக்கிவிடும். இந்த வயதில் உடம்பு நீர் வற்றிப்போகும்.

வயிறு ஊதி, சத்தியும் வந்து, காற்றும் பிரியாவிட்டால் எந்தக் குளிசையும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

வலிக் குளிசையை மாற்றலாமா என்று முதலில் டொக்டரிடம் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
குமார்