செயலாளர் ஆண்டறிக்கை: பொதுக்குழுவின் பார்வைக்கு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, உறுப்பினர் நண்பர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டிஜிட்டல் கார்டு விளையாட்டுகளுக்காக நாம் நடத்திவரும் இந்த மன்றத்தின் ஓராண்டுப் பணிகளைச் சபை முன் வைக்கிறேன். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு கூடும் வழக்கம் தொடர்ந்தது. மழையால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வைஃபை கட்டணத்தை உறுப்பினர்களே பங்கு போட்டுக் கட்டினார்கள், அதற்கு என் நன்றி.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தம்பி எழுந்து பேசியது நினைவிருக்கும். மூன்று மாதம் கார்டு சேர்த்துக் கட்டிய அவனுடைய டெக், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டு, ஒரு கார்டின் எண்ணை மாற்றிய ஒரே அப்டேட்டில் ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. "மாத்துறவங்களுக்கு அது ஒரு நம்பர். எனக்கு அது மூணு மாசம்" என்றான். கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த ஒரு நம்பர் என்ன செய்கிறது, டெக் கட்டும்போதே அதற்கு எப்படித் தயாராவது என்பதையே இந்த ஆண்டின் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

பாடத்துக்கு ஹார்த்ஸ்டோனைத் தேர்ந்தெடுத்தோம். 2014இல் வெளிவந்த விளையாட்டு என்பதால் திருத்தங்களின் வரலாறு அதில் நிறைய இருக்கிறது. திரையில் பார்த்தால் எல்லாம் வேகமாக ஓடிவிடுகிறது. அதனால் கார்டுகளைக் காகிதத்தில் அச்செடுத்து, கார்டு ஆட ஆகும் செலவான மானாவுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்து, ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஆடினோம். நல்ல பலன் கிடைத்தது.

அதில் ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ப்ரீஸ்ட் என்ற ஹீரோ வகுப்புக்கான ராசா என்ற கார்டை எடுத்துக்கொண்டோம். டெக்கில் எந்தக் கார்டும் இரண்டு பிரதி இல்லாவிட்டால், அதை இறக்கிய பிறகு ஹீரோ பவருக்கு, அதாவது கார்டு இல்லாமலே ஹீரோ பயன்படுத்தும் திறனுக்கு, மானாவே செலவில்லாமல் இருந்தது. ஷேடோரீப்பர் ஆண்டுயின் ஹீரோ கார்டும் இறங்கிவிட்டால் அந்தப் பவர் 2 டேமேஜ் அடிக்கும். ஒவ்வொரு கார்டு ஆடியதும் மறுபடி தயாராகும். 2018 பிப்ரவரியில் ராசாவைத் திருத்தி, பவருக்கு 1 மானா என்று ஆக்கினார்கள். ஒன்றுதானே, அதனால் என்ன என்று பலரும் கேட்டார்கள்.

பத்துக் கொட்டைகளை வைத்தோம். கையில் 2 மானா கார்டுகள் ஐந்து. பழைய விதிப்படி முதலில் ஒரு பவர், பிறகு ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று, ஆக ஆறு தடவை, 12 டேமேஜ். புதிய விதிப்படி முதல் பவருக்கே ஒரு கொட்டை போய்விட்டது. மீதி ஒன்பதில் மூன்று கார்டுகள்தான் பவரோடு சேர்த்து ஆட முடிந்தது. மொத்தம் 8. எதிராளியின் உயிரே 30தான். எட்டாம் வகுப்பு படிக்கும் பெண், கையில் தங்கிவிட்ட இரண்டு கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இதை வேற டெக்குக்கு மாத்தணும்" என்றாள். நான் அரைமணி நேரம் பேசினாலும் அது அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

அப்புறம் தூள் கணக்கு. வேண்டாத கார்டை உடைத்தால் தூள் கிடைக்கும், அதைக் கொண்டு வேறு கார்டு உருவாக்கலாம். லெஜண்டரி என்னும் உயர்தர அரிய கார்டு ஒன்றை உருவாக்க 1600 தூள். சாதாரண நாளில் உடைத்தால் 400தான் கிடைக்கும். நெர்ஃப் ஆன, அதாவது பலம் குறைக்கப்பட்ட, கார்டுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு முழுத் தூளும் திரும்ப வரும். ராசாவை உடைத்தால் 1600 கிடைத்தது. ராசாவை நம்பியே உருவாக்கிய ஆண்டுயினுக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் அந்தக் கார்டை யாரும் தொடவில்லை. நம் தம்பிக்கு வேறொரு விளையாட்டில் நடந்ததும் இதே மாதிரிதான். என் கருத்தில், குறைவாகக் கார்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. இரண்டு மூன்று டெக்குகளில் உட்காரக்கூடிய கார்டை முதலில் செய்யுங்கள். ஒரே கூட்டுக்கு மட்டும் உதவும் லெஜண்டரியைக் கடைசியில் செய்யுங்கள்.

பஃப், அதாவது கார்டின் பலத்தை ஏற்றுவது, பற்றி ஒரு கூட்டம்தான் பேசினோம். லூனாவின் பாக்கெட் கேலக்ஸி என்ற ஹார்த்ஸ்டோன் கார்டை 2019 ஜூனில் 7 மானாவிலிருந்து 5க்கு இறக்கினார்கள். ஆகஸ்டில் மறுபடி 7க்கே கொண்டுபோனார்கள். ஏற்றம் வந்தவுடன் ஓடிப்போய்க் கார்டு செய்ய வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

ஆண்டின் கடைசிப் பகுதியில் க்வென்ட் என்ற இன்னொரு கார்டு விளையாட்டை எடுத்தோம். 2023இல் அதன் கார்டுகளைத் திருத்தும் வேலையை ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்கே விட்டுவிட்டார்கள். ஒரு கார்டின் பலத்தையோ புரொவிஷனையோ ஒன்று கூட்டலாம், ஒன்று குறைக்கலாம். புரொவிஷன் என்பது டெக்கில் கார்டு சேர்க்க ஆகும் விலை. புரொவிஷன் ஸ்டோர் வைத்திருக்கும் நம் துணைத்தலைவர், கையிலிருக்கும் காசுக்குள் மாதச் சாமான் சிட்டை போடுவதைச் சொல்லியே அதை விளக்கிவிட்டார்.

அதே முறையில் நாமும் கை தூக்கி வாக்கெடுத்தோம். முதல் தடவை சரியாக வரவில்லை. போன வாரம் தன்னைத் தோற்கடித்த கார்டையே ஒவ்வொருவரும் குறைக்கச் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் கோபித்துக்கொண்டு தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள். அதனால் அடுத்த தடவை ஒரு விதி வைத்தோம்: எந்தக் கார்டைக் குறைக்கச் சொல்கிறீர்களோ, அதை உங்கள் டெக்கில் வைத்துப் பத்து ஆட்டம் ஆடிவிட்டு வர வேண்டும். பாதிப் பேர் கோரிக்கையைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். மீதி வந்தவை அத்தனையும் பேசத் தகுந்தவை. இந்த விதியை நிரந்தரமாக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

வரும் ஆண்டுக்கு ஒரு பதிவேடு கேட்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் நாம் ஆடிய டெக், வென்றது, தோற்றது எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். எழுதும் பொறுப்பை அந்தத் தம்பியே ஏற்க முன்வந்திருக்கிறான். புதிதாக ஒரு டெக்கும் கட்டத் தொடங்கிவிட்டான்.

மாடியைத் தந்துதவும் படிப்பகத்தாருக்கும், அச்செடுத்துத் தந்த அக்காவுக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்