கணக்கில் வராதவர்களையும் கணக்கிடுங்கள்

புதுச்சேரி நலவழித்துறை இயக்குநர் அவர்களுக்கும், கடலூர் மாவட்டப் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் தவளக்குப்பத்தில் வசிக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்யும் நாட்களில் டெங்கு வரும். நாளிதழில் 'இதுவரை இத்தனை பேர்' என்று ஓர் எண் வரும். அது பரிசோதனையில் தென்பட்டவர்களின் எண். தென்படாதவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும், அதை எப்படிக் கணித்தீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே வெளியிடுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

2020 ஆகஸ்டில் எங்கள் தெருவில் ஒருவருக்கு கொரோனா உறுதியானது. தெருமுனையில் தகரம் அடித்தார்கள். தகரத்தைப் பிரித்த மறுவாரமே எதிர்வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல். ரசத்தில் பெருங்காயம் போட்டோமா இல்லையா என்றே அந்த வீட்டு மருமகளுக்குத் தெரியவில்லை, வாசனை போய்விட்டது. ஆனால் யாரும் பரிசோதனைக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் கொத்தனார், தினக்கூலி. மறுபடியும் தகரம் வந்தால் பதினான்கு நாட்கள் அடுப்பு எரியாது. கபசுரக் குடிநீரைக் காய்ச்சி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூவரும் தேறினார்கள். அந்தத் தெருவுக்கு அரசுப் பதிவேட்டில் ஒருவர்; எனக்குத் தெரிந்து நால்வர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது ஒரு தெருவின் கதை மட்டுமல்ல என்பதை இங்குள்ள ஜிப்மர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் எண்ணில் காட்டினார்கள். அதே ஆகஸ்டில் புதுச்சேரியில் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தபோது 4.9 விழுக்காட்டினரிடம் ஆன்டிபாடி, அதாவது தொற்று வந்துபோனதற்கான எதிர்ப்புப் புரதம், இருந்தது. அக்டோபரில் அது 34.5 விழுக்காடு. இரண்டே மாதங்களில் இருபதில் ஒருவர் மூன்றில் ஒருவராகிவிட்டார். உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளைப் போல இருபது மடங்கு பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அந்த நாட்களில் நான் ஒவ்வொரு மாலையும் அறிவிக்கப்பட்ட எண்ணை நோட்டில் எழுதி வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வரைந்தது இருபதில் ஒரு பங்கின் வரைபடம் என்று பிறகு தெரிந்தபோது வயிறு கலங்கியது.

தேடினால்தான் கிடைப்பார்கள். கடலூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்களைத் தேடிப் பரிசோதித்தபோது ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அந்த நூறு பேரும் அன்றைக்கா நோயாளிகள் ஆனார்கள்?

தேடாமலே மதிப்பிட முடியுமா என்றால், ஓரளவு முடியும். வூகான் நகரம் 2020 ஜனவரி 23-ல் அடைக்கப்படும் முன் இருந்த நிலையை அறிய, சீனாவின் 375 நகரங்களுக்கு இடையே மக்கள் போய்வந்த கணக்கையும் அன்றாட நோயாளர் எண்ணிக்கையையும் சேர்த்து ஆய்வாளர்கள் ஒரு கணித மாதிரியில் இட்டார்கள். எத்தனை பேர் பதிவாகாமல் இருந்திருந்தால் நோய் இந்த வேகத்தில் பரவியிருக்கும் என்று பின்னோக்கிப் போட்ட கணக்கு அது. நூற்றுக்கு 86 பேர் பதிவாகவில்லை என்று விடை வந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் பரப்பியது குறைவுதான். பதிவானவர் பரப்புவதில் பாதிக்குச் சற்று மேல். ஆனாலும் எண்ணிக்கை பெரிது என்பதால், பதிவான நோயாளிகளில் 79 விழுக்காட்டினருக்கு நோய் இந்தப் பதிவாகாதவர்களிடமிருந்தே வந்தது.

அவ்வளவு பெரிய கணினிக் கணக்கு நமக்கு உடனே வேண்டாம். ஊசுட்டேரியில் எத்தனை மீன் என்று தெரிய வேண்டுமா? நூறு மீனைப் பிடித்து அடையாளமிட்டு ஏரியில் விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி நூறு பிடியுங்கள். அதில் பத்தில் அடையாளம் இருந்தால் ஏரியில் சுமார் ஆயிரம் மீன். இந்தியப் புள்ளியியலாளர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கும் 1949-லேயே இதே தர்க்கத்தை மனிதர்களுக்குப் பொருத்தி, வங்காளத்தின் சிங்கூரில் பதிவாகாமல் போன பிறப்பு இறப்புகளை மதிப்பிட்டார்கள். கையில் இரண்டு பட்டியல் இருந்தால் போதும். மருத்துவமனைப் பட்டியலில் 60 டெங்கு நோயாளிகள், வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களின் பட்டியலில் 50 பேர், இரண்டிலும் இருப்பவர் 20 பேர் என்று வையுங்கள். 60-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 150. கண்ணில் பட்டவர்கள் 90. எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் 60. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

இதில் ஒரு குழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் எதிர்வீட்டார் மருத்துவமனைக்கும் போகவில்லை, கணக்கெடுக்க வந்த பெண்ணிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு பட்டியலுக்கு மறைந்தவர் இன்னொன்றுக்கும் மறைந்தால், கிடைக்கும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே ஒற்றை எண்ணை நான் கேட்கவில்லை. இத்தனை முதல் இத்தனை வரை என்று ஒரு வீச்சைக் கேட்கிறேன்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும்; கொசுவுக்கு மாறாது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நோயாளிகள் ஜிப்மருக்கு வருகிறார்கள். பாகூர்ப் பக்கத்தவர் கடலூரில் வைத்தியம் பார்க்கிறார்கள். இரு அரசுகளின் பட்டியல்களையும் பெயரை மறைத்து, ஆளுக்கு ஒரு குறியீடு கொடுத்து ஒப்பிட்டாலொழிய மேலே சொன்ன கணக்கு இங்கே பலிக்காது. இந்த மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் அதுவே.

டெங்குவில் இதற்கு அவசரம் அதிகம். 2017-18-ல் நாடு முழுக்க நடந்த ரத்த ஆய்வில், தென்மாநிலங்களில் 5 முதல் 45 வயதுள்ளோரில் 76.9 விழுக்காட்டினருக்கு டெங்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது தெரிந்தது. அவர்களில் பலருக்கு அது சாதாரணக் காய்ச்சலாகவோ எந்த அறிகுறியும் இல்லாமலோ கடந்திருக்கும். டெங்கு வைரஸ் நான்கு வகை. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. தன் பிள்ளைக்கு வந்திருப்பது முதல் தொற்றா இரண்டாவதா என்று தாய்க்குத் தெரியாது. இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் எத்தனை பேருக்கு முன்பே வந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடாவது மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டாமா?

இப்படிப்பட்ட கணித மாதிரிகளின் மீது மக்களுக்கு நம்பிக்கை போனதற்கும் காரணம் உண்டு. 2020 அக்டோபரில் ஒன்றிய அரசின் நிபுணர் குழு, கட்டுப்பாடுகளைக் கடைப்பிடித்தால் 2021 பிப்ரவரிக்குள் கொரோனா பெருமளவு அடங்கிவிடும் என்றது. ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தது. ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வது வேறு, இன்றைக்கு மறைந்திருப்பதை அளப்பது வேறு. இரண்டாவதை ரத்த மாதிரி எடுத்துச் சரிபார்க்கலாம். தவறு இருந்தால் திருத்தலாம்.

இதற்கு வெளியூர் ஆட்கள் தேவையில்லை. யானைக்கால் நோயின் நுண்புழு இரவில்தான் ரத்தத்தில் மிதக்கும் என்பதால் இரவு நேரத்தில் விரல் நுனியில் ஊசி குத்தி எங்கள் ஊர்களில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு சொட்டில் புழு இல்லை என்பதாலேயே அந்த ஆளிடம் புழு இல்லை என்றாகிவிடாது. அந்த இடைவெளியையும் கணக்கில் கொண்டு நோய் பரவுவதைக் கணிக்க, இங்குள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கணித மாதிரிக்குப் பெயர் லிம்ஃபாசிம். அதற்கு அடித்தளம் 1980-களில் புதுச்சேரியில் திரட்டிய தரவு. அந்த மையம் இன்றும் இந்திரா நகரில் இருக்கிறது.

ஆகவே இந்த மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை நான்கு எண்களை வெளியிடுங்கள்: செய்த பரிசோதனைகள், உறுதியானவர்கள், மதிப்பீட்டின் கீழ் எல்லை, மேல் எல்லை. வீடு தேடி வரும் பணியாளரிடம் காய்ச்சலைச் சொன்னால் வேலைக்கும் கூலிக்கும் கெடுதல் வராது என்று அந்த அறிவிப்பிலேயே எழுத்தில் உறுதி கொடுங்கள். பட்டியல்களை ஒப்பிட ஆள் குறைவு என்றால் நான் வருகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் புள்ளியியல் முடித்துவிட்டு இங்கேயே இருக்கிறார்கள், அவர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
தவளக்குப்பம், புதுச்சேரி.